‘ஸ்ட்ரீக்’ உடைந்தால் உறவும் உடையுமா? ஜெபம், உபவாசம், தியானம்... கிறிஸ்தவ வாழ்க்கையில் இவை எதற்கு?

இரவு மணி 11.52. ஆபீஸ் கேப் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்தான் ஆகிறது. இன்னும் சாப்பிடவில்லை. போனில் ஒரு நோட்டிஃபிகேஷன்: இன்றைய பைபிள் வாசிப்பு பாக்கி. 86 நாளாக விடாமல் காப்பாற்றிய ‘ஸ்ட்ரீக்’ இன்னும் எட்டு நிமிடத்தில் பூஜ்ஜியமாகிவிடும். ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆப்பைத் திறந்து, இரண்டு ஸ்க்ரோல், ஒரு டிக். அப்பாடா, தப்பித்தோம்!

என்ன படித்தோம் என்று யாராவது கேட்டால்தான் சிக்கல். ஒரு வரிகூட நினைவில் இல்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு நாள் நிஜமாகவே ஸ்ட்ரீக் உடைந்துவிடுகிறது. மறுநாள் ஆப்பைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரு நாள் ஒரு வாரமாகிறது, ஒரு வாரம் ஒரு மாதமாகிறது. ‘ஜெபம் பண்ணியே ரொம்ப நாளாச்சு, இப்ப எந்த முகத்தோட போய் நிக்கிறது?’ என்ற குற்ற உணர்ச்சி. கடவுள் தன்னைவிட்டுத் தூரமாகப் போய்விட்டதைப் போன்ற ஒரு நினைப்பு.

தினமும் ஜெபிப்பது, பைபிள் வாசிப்பது, உபவாசம் இருப்பது, ஞாயிறு ஆராதனைக்குப் போவது... இவற்றைச் செய்தால்தான் ஒரு கிறிஸ்தவரைக் கடவுள் ஏற்றுக்கொள்வாரா? விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வாரா? ‘எல்லாம் அவருடைய கிருபை’ என்றால், இத்தனை மெனக்கெடல் எதற்கு? கிறிஸ்தவர்கள் சுமார் 2,000 ஆண்டுகளாக இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆன்மிக ஒழுக்கங்கள்: எவையெல்லாம்?

கடவுளோடு உள்ள உறவில் வளர்வதற்காக ஒருவர் தெரிந்தே, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களைத்தான் ‘ஆன்மிக ஒழுக்கங்கள்’ என்கிறார்கள். ஆன்மிகப் பயிற்சிகள் என்றும் சொல்வதுண்டு. சபைக்குச் சபை சொற்கள் மாறும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் ‘ஜெபம்’, ‘உபவாசம்’, ‘லெந்து காலம்’ என்பார்கள். கத்தோலிக்கர்கள் ‘செபம்’, ‘நோன்பு’, ‘தவக்காலம்’ என்பார்கள். விஷயம் ஒன்றுதான்.

இதில் எவையெல்லாம் அடங்கும் என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பட்டியல் கிடையாது. இந்தக் காலத்தில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவின் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1978-ல் எழுதிய ‘செலிப்ரேஷன் ஆஃப் டிசிப்ளின்’ புத்தகத்தில் உள்ள பட்டியல். அவர் 12 ஒழுக்கங்களை மூன்றாகப் பிரித்தார்.

• உள்ளுக்குள் நடப்பவை: தியானம், ஜெபம், உபவாசம், படிப்பு.

• வாழ்க்கை முறையில் தெரிபவை: எளிமை, தனிமை, பணிவு, சேவை.

• எல்லோரோடும் சேர்ந்து செய்பவை: பாவ அறிக்கை, ஆராதனை, வழிகாட்டுதல், கொண்டாட்டம்.

கடைசியில் இருக்கும் சொல்லைக் கவனித்தீர்களா? கொண்டாட்டமும் ஓர் ஒழுக்கம்! ஒழுக்கம் என்றதும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பட்டியல் அதைவிடப் பெரியது.

எங்கே ஆரம்பித்தது?

இயேசு யூதராகப் பிறந்து யூதராக வளர்ந்தவர். குறிப்பிட்ட நேரங்களில் ஜெபிப்பதும், உபவாசமும், ஏழைகளுக்குக் கொடுப்பதும் அந்த மரபில் ஏற்கெனவே இருந்தவை. மத்தேயு நற்செய்தியின் 6-ம் அதிகாரத்தில் இயேசு இந்த மூன்றைப் பற்றியும் பேசுகிறார். மூன்றுக்கும் அவர் வைக்கும் நிபந்தனை ஒன்றே: ஊர் பார்ப்பதற்காகச் செய்யாதே. அதே சமயம், வேண்டாம் என்று எதையும் அவர் தள்ளிவிடவில்லை. அவரே விடியற்காலையில் தனி இடங்களுக்குப் போய் ஜெபித்ததாகவும், வனாந்தரத்தில் 40 நாள் உபவாசம் இருந்ததாகவும் நற்செய்திகள் சொல்கின்றன.

அவருக்குப் பின்வந்த ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் கையேடான ‘திதாகே’, வாரத்தில் புதனும் வெள்ளியும் உபவாசம் இருக்கச் சொல்கிறது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தினமும் மூன்று முறை சொல்லச் சொல்கிறது. 3, 4-ம் நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைவனத்துக்குச் சென்ற அந்தோணியார் போன்ற துறவிகள் இதைத் தீவிரமாக எடுத்துச் சென்றார்கள். 6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் என்ற துறவி, மடத்தில் வாழ்பவர்களுக்காக ஒரு விதிமுறையை எழுதினார். ஜெபம், வேலை, வாசிப்பு, தூக்கம் என நாள் முழுவதுக்குமான டைம்டேபிள் அது. அந்த விதிமுறையின் கடைசி அத்தியாயத்தில் அவர் சொல்வது சுவாரஸ்யமானது: இது ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கான சின்ன வழிகாட்டிதானாம். அதாவது, இத்தனையையும் கடைப்பிடித்தவர்கூட அப்போதுதான் தொடங்கியிருக்கிறார் என்று பொருள்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1542-ல் இந்தியா வந்த பிரான்சிஸ் சேவியர், முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் கையில் மணியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’. அன்றிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரிக்கே என்ரிக்கஸ் கொண்டுவந்த அந்தப் புத்தகம், 1578-ல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதில் இருந்தவை அடிப்படை ஜெபங்களும் போதனைகளும்தான். தமிழ் அச்சின் கதையே ஓர் ஆன்மிகப் பயிற்சிக் கையேட்டில்தான் தொடங்குகிறது!

லூத்தர் கிளப்பிய கேள்வி

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருவர் உடைந்துபோனார். பெயர் மார்ட்டின் லூத்தர். 1505-ல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் அகுஸ்தீன் துறவிகள் மடத்தில் சேர்ந்தவர். உபவாசம், இரவு விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை என்று எதிலும் குறை வைக்கவில்லை. துறவி வாழ்க்கையைக் கடைப்பிடித்து ஒருவர் சொர்க்கம் போக முடியும் என்றால், அது தன்னால் முடிந்திருக்கும் என்ற பொருளில் பின்னாளில் அவரே சொன்னார். ஆனாலும் நிம்மதி இல்லை. ‘இது போதுமா? நான் செய்தது கடவுளுக்குத் திருப்தியா?’ என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

பவுல் எழுதிய கடிதங்களை, குறிப்பாக ரோமர் கடிதத்தைப் படித்துப் பாடம் நடத்தியபோது அவருக்கு விடை கிடைத்தது: கடவுளின் அன்பு நாம் உழைத்து வாங்கும் சம்பளம் அல்ல, இலவசமாகக் கிடைப்பது. அதுதான் கிருபை. கத்தோலிக்க மொழியில் சொன்னால், அருள். 1517-ல் அவர் தொடங்கிய விவாதம் ஐரோப்பாவையே புரட்டிப் போட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1522-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு வினோதமான சம்பவம். தவக்காலத்தில் இறைச்சி கூடாது என்பது அன்றைய சட்டம். கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் சிலர் கூடி, அந்தக் காலத்தில் சாசேஜ் சாப்பிட்டார்கள். அது பெரிய வழக்காகிவிட்டது. அங்கிருந்த சீர்திருத்தவாதி ஸ்விங்லி சாப்பிடவில்லை. ஆனால், சாப்பிட்டவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்து, அதை அச்சிட்டும் வெளியிட்டார். உபவாசம் இருக்கலாம், அதைச் சட்டம் போட்டுத் திணிக்கக் கூடாது என்பதுதான் அவருடைய வாதம்.

‘அப்போ, எல்லாத்தையும் விட்டுடலாமா?’ என்று கேட்டால், லூத்தரே ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பார். 1535-ல், தன்னுடைய முடிதிருத்துபவரும் நண்பருமான பீட்டர் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்காக, அவருக்காகவே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார் லூத்தர். அதில் அவர் கொடுக்கும் உதாரணம் பீட்டரின் தொழிலில் இருந்தே வருகிறது. நல்ல முடிதிருத்துபவர் கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பார். ஊர்க்கதை பேசிக்கொண்டே சவரம் செய்தால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ போய்விடும். ஜெபத்துக்கும் அப்படிப்பட்ட கவனம் வேண்டும் என்கிறார். கடவுளின் அன்பைச் சம்பாதிக்க முடியாது என்று ஐரோப்பாவையே உலுக்கியவர், கடைசிவரை தினமும் ஜெபித்தவரும்கூட.

சம்பாதிக்க முடியாது என்றால், எதற்குச் செய்யணும்?

காவிரி டெல்டாவைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். அதற்கு முன்பே வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். தூர்வாருவதால் தண்ணீர் உற்பத்தியாவதில்லை. மழையை வரவழைப்பதோ அணையை நிரப்புவதோ விவசாயியின் மண்வெட்டியால் ஆகிற காரியம் இல்லை. ஆனால் வாய்க்கால் மண்மேடாகிக் கிடந்தால், அணை நிறைந்திருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது. தூர்வாரியவர் யாரும் ‘இந்தத் தண்ணீரை நான்தான் சம்பாதித்தேன்’ என்று சொல்வதும் இல்லை.

ஜெபமும் உபவாசமும் கிட்டத்தட்ட இந்தத் தூர்வாரும் வேலைதான் என்கிறது கிறிஸ்தவ மரபின் பெரும்பகுதி. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, இவற்றைக் ‘கிருபையின் வழிகள்’ என்றார். அவர் காலத்தில் இரண்டு தரப்பினர் இருந்தார்கள். ஜெபித்து, பைபிள் படித்து, நற்கருணை வாங்கினாலே போதும், மனசு எப்படி இருந்தால் என்ன என்று நினைத்தவர்கள் ஒரு தரப்பு. விசுவாசம் உறுதியாகும்வரை எதுவும் செய்யாமல் அமைதியாகக் காத்திருக்க வேண்டும் என்றவர்கள் இன்னொரு தரப்பு. வெஸ்லி இரண்டையும் மறுத்தார். வழியையே ஊர் என்று நினைப்பது தவறு. ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வழியில் கால் வைக்காமல் இருப்பதும் தவறு. அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்.

தமிழ்நாட்டில் இருந்தும் இதற்கு ஓர் அழகான விளக்கம் வந்தது. பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர் சி.எஸ்.ஐ. பேராயராக இருந்தவர் ஏ.ஜே.அப்பாசாமி. யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கத்தின் கண்ணால் படித்து, 1927-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த நற்செய்தியின் 15-ம் அதிகாரத்தில் இயேசு தன்னைத் திராட்சைச் செடியாகவும், சீடர்களைக் கொடிகளாகவும் சொல்கிறார். கொடி செடியில் ஒட்டியிருந்தால் போதும், காய் தானாக வரும். பக்தி என்பது இப்படி அன்பில் நிலைத்திருப்பது என்று விளக்கினார் அப்பாசாமி. இப்படிப் பார்த்தால், ஒழுக்கங்கள் என்பவை காய் காய்ப்பதற்கான முயற்சி அல்ல, செடியை விட்டு அகன்றுவிடாமல் இருப்பதற்கான முயற்சி.

சரி, நடைமுறையில் எப்படி?

நான்கு பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஜெபம்: விண்ணப்பப் பட்டியலை வாசிப்பது மட்டுமே ஜெபம் இல்லை. நன்றி சொல்வது, தவறை ஒத்துக்கொள்வது, சும்மா அமைதியாக இருப்பது எல்லாம் இதில் சேரும். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா சொல்லிக்கொடுத்த ‘ஆன்ம சோதனை’ இன்றும் பலர் பின்பற்றும் முறை. இரவு படுக்கும் முன், அன்று கிடைத்தவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். நாளைத் தெளிவாகப் பார்க்க உதவி கேட்க வேண்டும். காலையில் இருந்து நடந்தவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சறுக்கிய இடங்களுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சி, அதுபோல இது ஆன்மாவுக்கு என்று இக்னேஷியஸே ஒப்பிட்டிருக்கிறார்.

வேத வாசிப்பு: சீகன்பால்க் தரங்கம்பாடியில் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-ல் முழுமையடைந்தது. தமிழர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தன் மொழியில் அதைப் படிக்கும் வழி அப்போதுதான் திறந்தது. இன்று அது சட்டைப் பையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது. எவ்வளவு படித்தோம் என்பதைவிட எப்படிப் படித்தோம் என்பதுதான் இங்கே முக்கியம். துறவிகள் மடங்களில் வளர்ந்த பழைய முறை ஒன்று உண்டு. ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை அசைபோடுவது, அதையே ஜெபமாக்குவது, பிறகு பேசாமல் இருப்பது. நாஜிக்களை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1935-ல் தொடங்கி தான் நடத்திய ஃபின்கென்வால்டே குருமடத்தில், மாணவர்களைத் தினமும் அரை மணி நேரம் ஒரு சின்னப் பகுதியோடு மௌனமாக இருக்கச் சொன்னார். ஒரு வாரம் முழுக்க அதே பகுதிதான்! அந்தக் குருமடத்தை 1937-ல் கெஸ்டபோ இழுத்து மூடியது. 1945 ஏப்ரலில் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார். கண்ணை மூடி உட்காருவது உலகத்தில் இருந்து தப்பிக்கும் வழி என்று நினைப்பவர்கள் அவருடைய வாழ்க்கையைப் படித்துப் பார்க்கலாம்.

உபவாசம்: சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு என்பது உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாள் என்பதால், 6 ஞாயிறுகளைக் கழித்து 40 என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு இருக்க வேண்டும். அன்று ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. உடல்நலம் இல்லாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உணவுதான் என்றில்லை, ரீல்ஸையும் ஆன்லைன் ஷாப்பிங்கையும் நிறுத்திவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்று கையில் இல்லாதபோதுதான், அது நம்மை எவ்வளவு பிடித்துவைத்திருந்தது என்று தெரியும். மாலை போட்டு விரதம் இருந்தவர்களுக்கும், ரமலான் நோன்பு பிடித்தவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல.

கொடுத்தல்: தவக்காலத்தின் மூன்று தூண்கள் செபம், நோன்பு, ஈகை. நோன்பால் மிச்சமான மதியச் சாப்பாட்டுக் காசு பர்ஸிலேயே இருந்தால் அது டயட். பசித்தவர் ஒருவரின் தட்டுக்குப் போனால்தான் நோன்பு நிறைவடைகிறது.

எப்போது தடம் மாறும்?

நல்ல பழக்கம்தானே, இதில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். பைபிளே மூன்று எச்சரிக்கைகளைக் கொடுக்கிறது.

முதலாவது, காட்சிப்படுத்துவது. ஜெபிப்பதற்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார் இயேசு. உபவாசம் இருப்பவர் முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, வாடிய முகம் வெளியே தெரியாமல் இருக்கச் சொன்னார். காபி கோப்பைக்குப் பக்கத்தில் திறந்த பைபிளை வைத்து, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது, ஒப்பிடுவது. லூக்கா 18-ம் அதிகாரத்தில் இரண்டு பேர் ஜெபிக்கப் போகிறார்கள். ஒருவர் பரிசேயர். வாரம் இரண்டு நாள் உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. எல்லாம் உண்மைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரை மட்டம் தட்டுகிறார். மற்றவர் ஆயக்காரர், அதாவது ரோமர்களுக்காக வரி வசூலிப்பவர். அவரிடம் சொல்லிக்கொள்ளும்படியான கணக்கு எதுவும் இல்லை. இரக்கம் மட்டும் கேட்கிறார். கடவுளுக்குமுன் நீதிமானாக வீடு திரும்பியது அவர்தான் என்று கதையை முடிக்கிறார் இயேசு. இன்றைய மொழியில் சொன்னால், நீளமான ஸ்ட்ரீக் வைத்திருந்தவர் தோற்றுப்போன கதை அது.

மூன்றாவது, பேரம் பேசுவது. இத்தனை நாள் உபவாசம், பதிலுக்கு வேலை, விசா, கல்யாணம் என்று எழுதாத ஓர் ஒப்பந்தம். கஷ்டத்தில் இருப்பவர் கடவுளிடம் கேட்பதில் தவறே இல்லை, பைபிள் முழுக்க அப்படிப்பட்ட ஜெபங்கள் இருக்கின்றன. கேட்டது கிடைக்காதபோது ‘நீ சரியா உபவாசம் இருக்கல, உன் விசுவாசம் போதாது’ என்று அவர் தலையிலேயே பழியைப் போடுவதுதான் கொடுமை. கிருபை என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விடுகிறது.

இவை தவிர ஏசாயா 58-ம் அதிகாரம் ஒன்று இருக்கிறது. நாங்கள் உபவாசம் இருக்கிறோமே, கடவுள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். உபவாசம் இருக்கும் அதே நாளில் வேலைக்காரர்களை வாட்டி வதைக்கிறீர்களே என்று பதில் வருகிறது. ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும், பசித்தவரோடு சாப்பாட்டைப் பகிர்வதும், உடையில்லாதவருக்கு உடுத்தக் கொடுப்பதும்தான் கடவுள் கேட்கும் உபவாசமாம். காலையில் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு, பத்து மணி மீட்டிங்கில் ஜூனியரைக் கண்ணீர்விட வைக்கும் டீம் லீடருக்கு இந்த அதிகாரம் நேரடியாகவே பேசும்.

எதுவுமே உணர முடியவில்லை என்றால்?

‘எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சேன். ஆனா சுவரோட பேசுற மாதிரிதான் இருக்கு.’ வெளியே சொல்லத் தயங்கினாலும், விசுவாசிகளில் பலரும் கடந்துவந்த நிலை இது.

இந்த இடத்தில் அன்னை தெரசாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-ல் அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. கடவுளின் அருகாமையை உணர முடியாத ஓர் இருளில் பல பத்தாண்டுகளைக் கழித்ததாக, தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு அவர் எழுதியிருந்தார். அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் ஜெபத்தையும் விடவில்லை, கொல்கத்தாவின் தெருவோரத்தில் சாகக் கிடந்தவர்களையும் விடவில்லை. 2016-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்தக் கடிதங்கள் அதற்குத் தடையாக இல்லை.

நல்ல உணர்வு வருவதுதான் உறவுக்கு அளவுகோல் என்றால், அவருடைய கணக்கு பூஜ்ஜியம். ஆனால் எந்த உறவில்தான் தினமும் அப்படி ஓர் உணர்வு வருகிறது? ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தினமும் போன் செய்கிறோம். ‘சாப்டியா?’, ‘சாப்டேன்மா’ என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சிலிர்ப்பெல்லாம் எதுவும் இருக்காது. அந்த இரண்டு நிமிடங்கள்தான் பல ஆண்டுகளாக உறவைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு வாரம் போன் செய்யாவிட்டால் நம்முடைய பேச்சுத்தான் வற்றிப்போகும், நாம் அம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. எட்டாம் நாள் கூப்பிட்டாலும் முதலில் வரும் கேள்வி ‘சாப்டியா?’ என்பதுதான்.

நேரமே இல்லாதவர்களுக்கு...

17-ம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சமையல்காரராக இருந்தவர் சகோதரர் லாரன்ஸ். முன்னாள் போர்வீரர், காலில் காயம்பட்டவர், பெரிய படிப்பில்லை. சட்டி பானைகளுக்கு நடுவில், ஆர்டர்களுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் கடவுளோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகிக்கொண்டார். 1691-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் தொகுக்கப்பட்டன. இன்றும் உலகம் முழுக்கப் படிக்கப்படும் சிறு புத்தகம் அது. அவர் சொல்லும் விஷயங்களில் ஒன்று நம் ஸ்ட்ரீக் பிரச்சினைக்கு நேரடியாக உதவும்: இடையில் கடவுளை மறந்துவிட்டால், அதற்காக உட்கார்ந்து வருந்திக்கொண்டே இருக்க வேண்டாம். தவறை ஒத்துக்கொண்டு, அந்த நொடியில் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

ஆக, தொடங்க நினைப்பவர்களுக்கு இந்த மரபு சொல்லும் விஷயங்கள் இவைதான்.

• சின்னதாகத் தொடங்கலாம். மின்சார ரயிலில் தாம்பரம் முதல் கிண்டி வரை போனைப் பையில் வைத்துவிட்டு அமைதியாக இருப்பதும் ஒரு தொடக்கமே.

• ஒன்றை மட்டும் எடுங்கள். பன்னிரண்டையும் முதல் வாரமே தொடங்கினால், இரண்டாவது வாரம் எதுவுமே மிஞ்சாது.

• தனியாக மட்டும் செய்யாதீர்கள். தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் பலவற்றில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ குடும்ப ஜெபம் நடக்கும். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டுகள் வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை.

• நீங்கள் ஒழுங்காக ஜெபிக்கிறீர்களா என்பதை ஆப்பிடம் கேட்காதீர்கள், உங்களோடு வாழ்பவர்களிடம் கேளுங்கள். முன்பைவிடக் கொஞ்சம் பொறுமை கூடியிருக்கிறதா, கோபம் தணிந்திருக்கிறதா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்ட்ரீக் வைப்பதில் தவறேதும் இல்லை. பழக்கம் ஒட்டிக்கொள்ளும்வரை அது ஓர் ஊன்றுகோல். ஆனால் அந்த எண் நம்முடைய பழக்கத்தைத்தான் அளக்கிறது. கடவுள் நம்மை எவ்வளவு நேசிக்கிறார் என்பதை அளக்க அதற்கு வழியே இல்லை. லூத்தர் மடத்தின் அறைக்குள் தூங்காமல் கிடந்து கண்டுபிடித்தது அதைத்தான்.

இரவு மணி 12.03. ஸ்ட்ரீக் உடைந்துவிட்டது. ஆப்பில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம். ஷூவைக் கழற்றி, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் பாய் விரிக்கும்போது, ‘இன்னைக்கு ரொம்ப டயர்டு ஆண்டவரே, ஆனா நன்றி’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

எந்த ஆப்பும் அதைக் கணக்கில் வைக்காது. அதுவும் ஜெபம்தான்.